கடல் கடக்கும் பத்திரங்களும் காலக் கெடுவும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் சமூகத்தார்க்குப் புதியதன்று. காவிரிப் பாசனத்து ஊர்களில், கடல் கடந்த ஒருவரையேனும் பெறாத குடும்பம் அரிது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி ஆகிய வட்டங்களில் எந்தத் தெருவில் நின்று கேட்பினும், சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்னும் பெயர்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலவே வழங்கக் கேட்கின்றோம். அண்மையில் கானடாவும் ஆஸ்திரேலியாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், கொரோனா என்னும் கொள்ளை நோயின் காரணமாக உலகத்து நாடுகள் தத்தம் வாயில்களை அடைத்தபோது, இக்குடும்பங்கள் பட்ட இடர் இவ்வளவென்று சொல்லி முடியாது. 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனத்தார் நெருக்கடி நிலை நீங்கிற்றென அறிவித்தனர். அதன்பின் நாமும் அனைத்தையும் மறந்தோம். விசா வந்த மறுவாரமே நிலத்துக்குக் கிரயம் பேசுவதும், இருக்கும் வேலையை விடுவதும், பெண் பார்க்கப் புறப்படுவதுமாகிய பழைய வழக்கம் அப்படியே திரும்பிவிட்டது. ஆதலின் அவ்விரண்டு ஆண்டுகளை மீண்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்தல் நலமென்று கருதினோம்.

நம்மவர்க்குப் பத்திரம் என்றால் நிலப் பத்திரமே நினைவுக்கு வரும். பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் இரும்புப் பெட்டியில் கிடந்து மஞ்சள் பூத்து, மடித்த இடத்தில் கிழிந்திருப்பினும், அதன் வலிமை குறைவதில்லை. அந்தப் பழக்கத்தினாலேயே விசாவையும் நிலப் பத்திரம் போன்றதொன்றென நாம் எண்ணிவிடுகின்றோம். கிடைத்துவிட்டது, இனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், நல்ல நாள் பார்த்துப் புறப்படலாம் என்பது நம்மவர் கொள்கை. நிரந்தரமாகக் குடியேறுவோர்க்கு ஆஸ்திரேலிய அரசாங்கத்தார் வழங்கும் விசாவில், முதன்முறையாக இன்ன நாளுக்குள் வந்து சேர வேண்டுமென்று ஒரு கெடு விதிப்பதுண்டு. கானடாவோ, குடியிருப்பு உறுதிப் பத்திரம் ஒன்றைத் தருகின்றது. அதிற் கண்ட நாள் கழிவதற்கு முன் அந்நாட்டில் இறங்கி, அதிகாரி அதனை ஏற்றுக்கொண்டால்தான் ஒருவர் அங்கே குடியிருக்கும் உரிமை பெற்றவர் ஆவார். அதுவரையில் அவர் கையில் இருப்பது நாள் குறித்த அழைப்புக் கடிதமே. நாள் குறியாத பத்திரத்தை விற்று, நாள் குறித்த பத்திரத்தை வாங்குகின்றோம் என்னும் நினைவு நமக்கு இருத்தல் வேண்டும். இச்சொற்பொழிவில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுவே.

நோயினால் வாயில் அடைபடுவதும் நம் முன்னோர் கண்டறியாததன்று. நாகப்பட்டினத்துத் துறையில் கப்பலேறிய நம் பாட்டன்மார், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், அங்கிருந்த கூலிக் கிடங்கில் தங்கி, மருத்துவர் பார்வைக்கு உட்பட்டு, அம்மை குத்திக்கொண்ட பின்னரே ஏற்றப்பட்டார்கள். கப்பலில் வைசூரியோ வாந்திபேதியோ தோன்றிவிட்டால், பினாங்குக்கு எதிரிலுள்ள ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இறக்கித் தனிமைக் காவலில் வைத்தார்கள். இலங்கைக்குப் போனோர் மண்டபம் முகாமில் காத்துக்கிடந்தனர். அக்காலத்தில் நாட்கணக்கில் நின்ற காவல், இக்காலத்தில் மாதக்கணக்கில் நீண்டது, வேற்றுமை அவ்வளவே.

அரசாங்க ஆணையினால் அடைபட்ட வாயில்களும் உண்டு. 1938ஆம் ஆண்டில் உதவிபெற்று மலேயாவுக்குச் செல்லும் கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசாங்கத்தார் நிறுத்தினர்; 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் அவ்வாறே தடை வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கிய பின்னர்க் கப்பல் போக்குவரத்தே இல்லையாயிற்று. விடுமுறைக்கு வந்தவர் இங்கும், மனைவி மக்கள் அங்குமாகப் போர் முடியும்வரை பிரிந்திருந்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த மலேயாக் குடிநுழைவுச் சட்டத்துக்குப்பின், நுழைவு அனுமதியும் மீள்நுழைவு அனுமதியும் அதிலுள்ள நாட்களும் நம்மவர் வாழ்வில் புகுந்தன. 'ரஜூலா' கப்பலில் அவ்வனுமதியை மடியில் கட்டிக்கொண்டு போனோரை இன்றும் முதியோர் சிலர் நினைவுகூர்கின்றனர். 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியபின் நாகப்பட்டினத்து வழி முடிந்தது. திருச்சிராப்பள்ளி ஆகாய விமான நிலையமே நம் துறைமுகம் ஆயிற்று.

இவற்றுள் ஒரு செய்தி தனியே நினைக்கத் தக்கது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டும் கையில் வைத்திருந்த மலையகத் தமிழர் பல்லாயிரவர், 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் நின்றமையால் இலங்கையிலேயே தங்கிப்போயினர். பத்திரம் இருந்தது, வழி இல்லை. கடைசியாக 2003ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்களை அந்நாட்டுக் குடிகளாக ஏற்க வழிசெய்தது. பத்தொன்பது ஆண்டுகள் அவர்கள் எந்த நாட்டாராக வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் பலருடைய பாட்டன்மார் நம் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனவர்களே.

நிற்க. 2020ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச்சு 13 முதல் இந்திய அரசாங்கத்தார் வழங்கியிருந்த விசாக்களில் பெரும்பாலானவை நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச்சு 23 முதல் கால அட்டவணைப்படி ஓடிய அயல்நாட்டு விமானங்கள் நின்றன. அவை மீண்டும் முறைப்படி ஓடத் தொடங்கியது 2022 மார்ச்சு 27ஆம் நாளில்தான். இடைப்பட்ட காலத்தில், 2020 மே 7 முதல் 'வந்தே பாரத்' என்னும் ஏற்பாட்டின்படியும், அதன்பின் நாட்டுக்கு நாடு செய்துகொண்ட உடன்பாட்டின்படியும் சில விமானங்கள் மட்டும் போய் வந்தன. ஆனால் விமானம் இருப்பது ஒன்று. அதில் ஏறத் தகுதி இருப்பது வேறொன்று. ஆஸ்திரேலியா 2020 மார்ச்சு 20 முதல் தன் குடிகளும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உடையோரும் அல்லாதவர்க்குக் கதவை அடைத்தது. மலேசியா 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியாவிலிருந்து வரும் நீண்டகால அனுமதியுடையோரையும் தடுத்தது. 2021 ஏப்ரலில் நம் நாட்டில் இரண்டாம் அலை எழுந்தபோது, ஒரே வாரத்தில் கானடா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு நாடுகள், ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் அடைத்துக்கொண்டன. அவ்வாரத்தில் நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு மூட்டாதிருந்தார்கள் என்பதை இங்குள்ள தாய்மார் அறிவார்கள்.

ஒரு குடும்பத்தின் செய்தியைச் சற்று விரிவாகவே சொல்லுகின்றோம், பெயர் வேண்டுவதில்லை. ஒரத்தநாடு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் அடித்த கஜா புயலில் தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்தது. தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் பல ஆகும். பொறியியல் கற்றுச் சென்னையில் வேலை பார்த்த மகன் கானடாவில் குடியேற விண்ணப்பம் செய்தார். அந்நாட்டார், வந்து நிலைபெறும் வரையில் உண்டு வாழப் போதிய பணம் விண்ணப்பதாரர் கையில் உண்டா என்று பார்க்கின்றனர். அப்பணம் கடன் வாங்கியதாக இருத்தல் கூடாது. ஆகவே தகப்பனார் எட்டு மா நன்செய்யை 2019 இறுதியில் கிரயம் செய்து, மகன் பெயரில் பாங்கியில் இட்டார். 2020 சனவரியில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது. சூன் மாதத்தில் உறுதிப் பத்திரமும் வந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கின்றது. அப்பத்திரத்தில் குறித்திருந்த கெடு 2021 சனவரி. சூனில் வந்த பத்திரத்துக்குச் சனவரியில் முடிவு ஏன்? மருத்துவப் பரிசோதனை 12 மாதமே செல்லும். பத்திரத்தின் ஆயுள் அதற்குமேற் போகாது. மற்றொரு தடையும் இருந்தது. 2020 மார்ச்சு 18ஆம் நாளுக்குள் உறுதிப் பத்திரம் பெற்றவர் நுழையலாம். அதன்பின் பெற்றவர், விலக்குடைய சிலர் நீங்கலாக, நுழைதல் ஆகாது என்று கானடா விதித்திருந்தது. மூன்று மாத வேற்றுமையில் அவ்விளைஞர் வெளியே நின்றார். 2021 சூன் 21ஆம் நாள் அத்தடை நீங்கியது. ஆனால் அப்போது அவர் பத்திரம் காலாவதியாகி ஐந்து மாதம் ஆயிற்று. புதுப்பித்துத் தருகின்றோம், நாங்களாக எழுதும்வரை புறப்படாதீர் என்பது அங்கிருந்து வந்த மறுமொழி. நேர் விமானமோ ஏப்ரலில் நின்றது செப்டம்பர் 27வரை திரும்பவில்லை.

இதற்கிடையில் வேலையை விட்டுவிட்ட அவர், மனைவியோடு ஊருக்கு வந்து தங்கினார். நிலைபெறுவதற்கென்று வைத்த பணத்திலிருந்தே குடும்பம் உண்டது. மேட்டூர் அணை எட்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் 2020 சூன் 12ஆம் நாள் உரிய காலத்தில் திறக்கப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். கல்லணை தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரெங்கும் குறுவை நடவு நடந்தது. தகப்பனார் தாம் விற்ற எட்டு மாவில் பிறர் நாற்றுவிடுவதை வரப்பில் நின்று பார்த்தார். மறு ஆண்டு அதே நிலத்தைக் குத்தகைக்குப் பேசி உழுதார். மகன் 2021 இறுதியில் புதுப் பத்திரம் பெற்றுப் போய்ச் சேர்ந்தார். இன்று நன்றாகவே இருக்கின்றார். நிலம் மட்டும் திரும்பவில்லை. விற்றவர் கேட்கும் விலைக்கும் வாங்கியவர் சொல்லும் விலைக்கும் எட்டாத தூரம் ஆகிவிட்டது.

இக்குடும்பத்தார் செய்ததில் முட்டாள்தனம் யாதுமில்லை. விதிகளுக்கு உட்பட்டே ஒவ்வொன்றையும் செய்தனர். ஆனால் கையில் உள்ள பத்திரங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் காலாவதியாகும் என்பதை ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் அவ்வீட்டில் எவருமில்லை. பாஸ்போர்ட்டுப் பத்தாண்டு செல்லும். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டாண்டு. மருத்துவச் சான்று ஓராண்டு. போலீசு நன்னடத்தைச் சான்று பல நாடுகளுக்கு ஆறு மாதத்துக்குமேல் உதவாது. கொள்ளை நோய்க் காலத்தில் நோய்ப் பரிசோதனைச் சான்றோ 72 மணி நேரமே சென்றது. சில நாடுகளுக்கு 48 மணி நேரமே சென்றது. இவற்றுள் எது முந்தி முடிகின்றதோ அதுவே பயணத்தின் உண்மையான கெடு. நம்மவரோ அனைத்திலும் நீண்ட ஆயுளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆறுதல் கொள்கின்றனர்.

72 மணி நேரக் கணக்கைப் பற்றி ஒரு சொல். திருவாரூர்ச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னை விமான நிலையம் போவதற்கே 2020ஆம் ஆண்டில் மாவட்டம் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது. பரிசோதனைக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கோ வேறு ஆய்வகத்துக்கோ போய், முடிவு வரக் காத்திருந்து, பாஸ் பெற்று, வண்டி பேசிச் சென்னை அடைவதற்குள் நேரம் கரைந்தது. இந்நிலையிலும் இராகு காலம் கழித்து வீட்டை விட்டுப் புறப்பட வேண்டுமென்று அடம்பிடித்த பாட்டிமார் உண்டு. அவர்களைக் குறைகூறோம், ஆனால் ஆய்வகத்துக் கடிகாரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

மற்றொரு தொல்லை நம் பெயர்களால் விளைந்தது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுகின்றோம். ஆதாரில் முதலெழுத்தோடு ஒரு பெயர், பள்ளிச் சான்றில் அது பின்னே, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதும் விரிந்து நிற்கும். அமைதியான காலத்தில் இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. தடுப்பூசிச் சான்றை ஆதார் பெயரில் பெற்றுப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டபோது இருவர் போலத் தோன்றினர். பின்னர்க் 'கோவின்' பதிவில் பாஸ்போர்ட்டு எண்ணைச் சேர்க்க வழி செய்யப்பட்டது. 2021 செப்டம்பர் இறுதியில், அதுவரை பிறந்த ஆண்டு மட்டும் காட்டிய சான்றில், அயல்நாடு செல்வோர்க்கு நாளும் மாதமும் சேர்ந்தன. தடுப்பூசியிலும் வேற்றுமை நேர்ந்தது. கோவாக்சின் ஊசியை உலக சுகாதார ஸ்தாபனத்தார் ஏற்றுக்கொண்டது 2021 நவம்பர் 3ஆம் நாளே. அதற்குமுன் அதனைப் போட்டுக்கொண்டு பல நாடுகளால் ஒப்புக்கொள்ளப்படாமல் தவித்தோர் நம் ஊர்களில் பலர். கோவிஷீல்டின் இரண்டு ஊசிக்கும் இடையே 12 வாரத்துக்குக் குறையாத இடைவெளி விதித்திருந்த அரசாங்கத்தார், கல்விக்கும் வேலைக்கும் அயல்நாடு செல்வோர் மட்டும் 28 நாட் கழித்துப் போட்டுக்கொள்ளலாமென்று 2021 சூனில் விலக்கு அளித்தனர். இவ்விலக்கு நாளிதழ்களில் வந்தும், அதனை அறியாமல் முழு இடைவெளியும் காத்திருந்தோர் இருந்தனர். இத்தகைய செய்திகளை உடனுக்குடன் தெரிவிப்பதற்கன்றோ ஒரு சங்கம் இருப்பது?

சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களின் நிலை வேறு. 2020 மார்ச்சில் பொங்கல் விடுமுறை நீட்டித்தும், தங்கை திருமணத்துக்கென்றும் வந்திருந்தோர் வேலை அனுமதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஊரில் அகப்பட்டனர். அந்நாட்டு மனிதவள அமைச்சின் நுழைவு ஒப்புதலை முதலாளி பெற்றால்தான் திரும்ப இயலும். முதலாளிக்கு வேலை இருந்தால் விண்ணப்பிப்பார். இல்லையேல் அட்டையே ரத்தாகும். 2021 ஏப்ரலில் அடைத்த வாயில் அவ்வாண்டு அக்டோபர் இறுதியிலேதான் திறந்தது. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருள் சிலர், மாலத்தீவு, நேபாளம் போன்ற மூன்றாம் நாட்டில் 14 நாள் தங்கிப் போகும் சுற்றுவழியை நாடினர். 2021 ஏப்ரல் இறுதியில் நேபாளம் அவ்வழியை அடைத்துவிட, காத்மாண்டுவில் விடுதி வாடகைக்கும் பணமின்றி நின்றவர்கள் பலர். இச்சுற்றுவழிகளைக் கூறிப் பணம் பறித்த தரகர்களைப் பற்றி நாம் நீளப் பேச விரும்பவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவர் வாங்கத் தக்க கட்டணம் 30,000 ரூபாயும் வரியுமே. இலட்சக் கணக்கில் கேட்பவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். 'இ-மைகிரேட்' என்னும் அரசாங்க வலைத்தளத்தில் அவ்வெண்ணைச் சரிபாருங்கள்.

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று. நம் சமூகத்தில் விசா என்பது மாப்பிள்ளையின் விலையை நிர்ணயிக்கும் பொருளாகிவிட்டது. விசா வந்த பிள்ளைக்கு ஒரு தொகை, வாராத பிள்ளைக்கு ஒரு தொகை என்று வெளிப்படையாகவே பேசுகின்றனர். 2019இலும் 2020 தொடக்கத்திலும் இவ்வாறு பேசி முடித்த திருமணங்கள் சில, வாயில் அடைபட்டதும் நின்றன. நடந்தவை சில, பெண்ணைக் கண்ணீரில் நிறுத்தின. பெண்ணின் நகையை அடகு வைத்து விமானச் சீட்டு வாங்கிய மாப்பிள்ளையின் பயணம் ரத்தாகி, கொடுத்த பணத்துக்கு மாற்றாகப் பின்னொரு நாளில் பயணம் செய்யலாமென்னும் சீட்டு ஒன்று மட்டும் கிடைத்தது. அதனை அடகுக் கடைக்காரர் ஏற்பாரா? மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் இராசியினால்தான் பயணம் தடைப்பட்டது என்று பேசியதையும் நாம் கேட்டிருக்கின்றோம். ஒட்டாவாவில் ஓர் அமைச்சர் இட்ட ஆணைக்குப் பாபநாசத்து மணப்பெண்ணின் நட்சத்திரம் காரணமென்றால், இதைவிடப் பேதைமை வேறு உண்டோ? திரும்பி வந்த இளைஞர்களையும் நாம் நன்றாக நடத்தவில்லை. "போன மச்சான் திரும்பி வந்தான்" என்று டீக்கடையில் நையாண்டி செய்தவர்கள், அவர்கள் ஊரிலிருந்த அம்மாதங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கியதைப் பேசவில்லை. இக்கூட்டத்தில் அத்தகையோர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள்பால் நமக்கு மதிப்பு மிகுதி.

பெரியோர் சிலர், போகிறவர்களுக்குச் சங்கம் ஏன் கடன் கொடுக்க வேண்டும், அப்பணத்தை இங்கே இருந்து உழுபவர்க்குக் கொடுத்தால் என்ன என்று சென்ற கூட்டத்தில் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் பயண உதவி நிதியில் பெரும்பகுதி கடல் கடந்து சென்றோர் அனுப்பியது. கஜா புயலுக்குப்பின் ஓடு மாற்றவும், தென்னங்கன்று வாங்கவும் வந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதை அப்பெரியோரே அறிவர். போவதும் இருப்பதும் நம் ஊர்களில் ஒரே குடும்பத்தின் இரு கைகள். ஒரு பிள்ளை அங்கே சம்பாதிப்பதனால் மற்றொரு பிள்ளை இங்கே உழ முடிகின்றது. ஆகவே கடனை நிறுத்த வேண்டியதில்லை. கொடுக்கும் முறையை மாற்றினால் போதும்.

இது பற்றி நாம் கருதுவது வருமாறு. விண்ணப்பத்தின் முதற் பக்கத்திலேயே, கையிலுள்ள பத்திரங்கள் அனைத்தையும் அவற்றின் முடிவு நாளையும் எழுத வேண்டும். முந்தி முடியும் பத்திரம் மேலே இருக்கட்டும். எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கின்றதா என்பதைச் செயலாளர் பார்த்துக் கையெழுத்திடுக. கடன் தொகையை ஒரே தவணையாகக் கொடாமல், பத்திரச் செலவுக்கு ஒரு பகுதியை முன்னும், செல்லும் நாட்டின் வாயில் திறந்திருப்பதும் விமானச் சீட்டு உறுதியானதும் தெரிந்தபின் மற்றதையும் தருதல் தகும். நிலத்தைக் கிரயம் செய்யாமல் ஒத்தி வைத்துச் சமாளிக்கக் கூடிய குடும்பத்துக்கு முதலிடம் தரலாம். கானடா போன்று கடனல்லாத பணத்தைக் காட்டச் சொல்லும் நாடுகளுக்கு இது பொருந்தாதாகையால், அவ்விண்ணப்பங்களைச் செயற்குழு தனித்தனியே ஆராய்தல் வேண்டும். அரசாங்க ஆணையினால் பயணம் தடைப்பட்டால், தடை நீங்கும்வரை வட்டியும் தவணையும் நின்றிருக்க வேண்டும். 2020இல் இவ்விதி நம்மிடம் இல்லை. அதனால் ஏழு குடும்பங்கள் கந்து வட்டிக்கு வாங்கிச் சங்கக் கடனைக் கட்டின. அக்குடும்பங்களுக்கு அவ்வட்டியின் ஒரு பகுதியையேனும் நிதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டுமென்பது நம் கோரிக்கை. இதில் பொருளாளர் அவர்களுக்கு உடன்பாடு இல்லை என்பதை அறிவோம். நாம் கோரிக்கையைக் கைவிடுவதாக இல்லை.

இவ்விதிகளின் வரைவு அடுத்த செயற்குழுவின் முன் வைக்கப்பெறும். ஆட்சேபம் உள்ள அங்கத்தினர் இத்திங்கள் முடிவதற்குள் செயலாளருக்கு எழுத்து மூலம் அறிவிக்கக் கோருகின்றோம். தற்போது விண்ணப்பம் செய்துள்ள இளைஞர்கள் கூட்டம் கலைந்தபின் தங்கள் பத்திரங்களோடு மண்டபத்தின் கீழ்ப்புறத்து அறைக்கு வந்தால், அவற்றின் நாட்களை உடனிருந்து எழுதித் தருவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் காத்திருக்கின்றனர்.